பசுமை ஹைட்ரஜன் இயக்கம்: கிலோவுக்கு 50 ரூபாய் யாருக்கு, எதற்கு?

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி, 2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கூரையில் சோலார் பலகை வைப்போருக்குக் கிடைப்பது போன்ற மானியம் எதுவும் இதில் வீடுகளுக்கு இல்லை. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் திறனை உருவாக்குவதே இதன் இலக்கு.

ஹைட்ரஜன் நமக்குப் புதிய பொருள் அன்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், யூரியாவுக்கான அம்மோனியாவைத் தயாரிக்கும் உர ஆலைகளும் அதைப் பல காலமாகவே பயன்படுத்தி வருகின்றன. ஆனால் அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுவதால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயு வெளியேறுகிறது. சூரிய ஒளி, காற்று ஆகியவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் இந்த அளவு வெகுவாகக் குறையும்.

எவ்வளவு குறைந்தால் அது ‘பசுமை’ ஆகும் என்பதை 2023 ஆகஸ்டில் அரசு வரையறுத்தது. தண்ணீரைச் சுத்திகரிப்பதில் தொடங்கி, மின்பகுப்பு (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது), வாயுவைத் தூய்மையாக்கி உலர்த்தி அழுத்துவது வரை, ஆலை வாசலுக்குள் நடக்கும் எல்லாவற்றையும் சேர்த்து, கடந்த 12 மாதச் சராசரியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறக் கூடாது. உயிர்க்கழிவிலிருந்து எடுக்கப்படும் ஹைட்ரஜனுக்கும் இதே வரம்புதான். திட்டத்தின் உயிர்நாடி இந்த விதிதான் என்பேன். இது இல்லையென்றால் நிலக்கரி மின்சாரத்தில் எடுத்த ஹைட்ரஜனும் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்து நிற்கும்.

ஒதுக்கீட்டில் 17,490 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கே போகிறது. மின்பகுப்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு முதல் ஆண்டில் கிலோவாட்டுக்கு 4,440 ரூபாய் எனத் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 1,480 ரூபாயாகக் குறையும். ஹைட்ரஜன் தயாரிப்பவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் முறையே கிலோவுக்கு 50, 40, 30 ரூபாய் என்பவை உச்சவரம்புகள். ஏலத்தில் குறைவாகக் கேட்பவருக்கே முன்னுரிமை. இதைத் தவிர, மாநிலங்களுக்கு இடையே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கட்டணத்திலிருந்து 25 ஆண்டு விலக்கும் உண்டு. மாநிலத்துக்குள்ளான கட்டணம் இதில் அடங்காது.

ஹைட்ரஜன் எல்லாவற்றுக்கும் ஏற்றதன்று. ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை எரிபொருள் மின்கலத்தில் மீண்டும் மின்சாரமாக்கினால் 15, 20 யூனிட்தான் கைக்கு வரும். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட முன்னோட்ட ஆலையின் திறன் மணிக்கு 10 கனமீட்டர். எடையில் அது ஒரு கிலோவுக்கும் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அது பயன்படுவதைச் செய்து பழகும் முயற்சியாகவே கொள்ள வேண்டும். மின்சாரத்தால் நேரடியாக ஆக முடியாத உரம், சுத்திகரிப்பு, எஃகு ஆகியவையே ஹைட்ரஜனுக்கு உரிய இடங்கள்.

விற்பவருக்கு ஊக்கத்தொகை இருந்தாலும், நீண்ட காலத்துக்கு வாங்குபவர் இல்லாமல் எந்த வங்கியும் ஆலைக்குக் கடன் தராது. அதனால்தான் உர ஆலைகளுக்கான பசுமை அம்மோனியாவை (பசுமை ஹைட்ரஜனிலிருந்து தயாராகும் அம்மோனியா) வாங்க அரசு நிறுவனமான இந்திய சூரிய மின்சக்திக் கழகமே 2025இல் ஏலம் நடத்தி, பத்தாண்டு ஒப்பந்தங்களுக்கு வழிசெய்தது; முதல் ஏலத்தில் கிலோவுக்கு 55.75 ரூபாய் விலை வந்தது.