கடுவுந்து: ‘ஹாட் ராட்’ என்னும் சொல்லும் அதற்கொரு தமிழும்

அமெரிக்க முதியவர் ஒருவர் தம் முதற்காதலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்ன கையோடு, சில வேளை அதற்கு முன்பாகவே, தாம் அந்நாளில் ஓட்டிய வண்டியின் பெயரையும் சொல்லிவிடுவார். அப்படி நினைவில் நிற்கும் வண்டிகளில் ஒரு வகைதான் ‘ஹாட் ராட்’. மலிவாகக் கிடைத்த பழைய காரின் சக்கர மறைப்புகளையும் எஞ்சின் மூடியையும் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினின் திறனைக் கூட்டி, வேகத்துக்காகவே மாற்றியமைத்த வண்டி என்பது இதன் பொருள். பந்தயத்துக்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டியை இச்சொல் குறிக்காது. பழைய வண்டியும் அதன்மேல் கைவேலையும் இருந்தால்தான் அது ஹாட் ராட்.

இவ்வழக்கம் 1930களில் தெற்குக் கலிபோர்னியாவில் வேரூன்றியது. மியூராக் முதலான வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் தங்கள் வண்டிகளை ஓட்டி வேகத்தை அளந்து பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சினை (எட்டு உருளைகள் ஆங்கில ‘V’ வடிவில் அமைந்தது) மலிவு விலைக் காரிலேயே பொருத்தி விற்றது. அந்தக் கார்கள் பழசாகி விலை இறங்கியபோது இளைஞர்களுக்கு அவையே நல்ல மூலப்பொருளாயின. பெயரோ பின்னர்தான் பரவியது. 1948 ஜனவரியில் அப்பெயரிலேயே ஓர் இதழ் தொடங்கும் அளவுக்கு அது ஊன்றிவிட்டிருந்தது.

‘ராட்’ எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எஞ்சினுக்குள் இயங்கும் இணைப்புத் தண்டைக் குறிக்கிறது என்பர் சிலர். ‘ரோட்ஸ்டர்’ என்னும் கூரையற்ற இருவர் வண்டியின் பெயர்ச்சுருக்கம் என்பர் வேறு சிலர். ஏரிப்படுகைகளில் ஓடியவற்றுள் ரோட்ஸ்டர்களே மிகுதி என்பதால் இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வண்டியின் உறுப்புகளிலேயே காதல் ஒட்டிக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். பழைய ரோட்ஸ்டர்கள் சிலவற்றில் பின்பக்க மூடியைத் திறந்தால் வெட்டவெளியில் ஓர் இருக்கை விரியும். அதற்கு ‘மாமியார் இருக்கை’ என்றொரு கேலிப்பெயர் உண்டு. (மாமியார் கேலிக்கு நாட்டெல்லை கிடையாது போலும்.) ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் கைப்பிடிக்குள் அடங்கும் உருண்டைக் குமிழ் ஒன்றைச் சிலர் பொருத்திக்கொண்டார்கள். அதைப் பற்றினால் ஒரு கையாலேயே வண்டியைத் திருப்பலாம். முன்னிருக்கை அப்போது ஒரே நீள்பலகையாக இருந்ததால் மறுகை பக்கத்தில் இருப்பவளின் தோளைச் சேர்ந்துவிடும். அதனாலேயே அதற்கு ‘நெக்கர்ஸ் நாப்’ என்று பெயர் வந்தது. தமிழில் ‘அணைப்புக் குமிழ்’ எனலாம். அதன் இன்னொரு பெயர் ‘தற்கொலைக் குமிழ்’ என்பதால், அந்தக் காதலில் எவ்வளவு ஆபத்து இருந்தது என்பதும் விளங்கும்.

இனித் தமிழ்ச் சொல். ‘சூடான தண்டு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கொல்லன் பட்டறைதான் கண்முன் வரும். ‘விசையூட்டிய பழஞ்சீருந்து’ பொருளைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் வாயில் நுழைவதற்குள் வண்டி ஊரைக் கடந்துவிடும். ‘மகிழுந்து’ என்பதோ எல்லாக் கார்களுக்கும் ஏற்கெனவே வழங்கும் பொதுச்சொல் என்பதால் இந்த வகையைத் தனித்துக் காட்டாது.

நான் பரிந்துரைப்பது ‘கடுவுந்து’. கடுவெயில் என்னும்போது வெம்மையையும், கடுந்தேர் என்னும்போது விரைவையும் தருவது ‘கடு’ என்னும் ஒரே சொல். ‘கடுந்தேர் குழித்த ஞெள்ளல்’ என்கிறது புறநானூற்றின் 15ஆம் பாட்டு. விரைந்தோடிய தேர்கள் குழியாக்கிய தெரு என்பது பொருள். வினைமுடித்த தலைவன், காத்திருக்கும் தலைவியிடம் விரையும்படி பாகனைத் தூண்டுவது முல்லைத் திணையின் பழகிய காட்சி என்பதால், காதலுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவும் இச்சொல்லுக்குப் புதிதன்று. கைவேலையும் பழமையும் இதில் நேரடியாகத் தோன்றவில்லை என்ற குறை உண்டு. வேண்டுமிடத்து ‘பழங்கடுவுந்து’ எனலாம்.

எடுத்துக்காட்டு: ‘தாத்தா பாட்டியை முதன்முதலில் ஊர் சுற்ற அழைத்துச் சென்றது, மூடியில்லா எஞ்சினோடு உறுமிய ஒரு கடுவுந்தில்.’