கோட்டிங் போட்டாலும் வைப்பர் ஓட வேண்டும்

போன வாரம் காலை எட்டு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு வெள்ளை மைவி கார் நின்றது. இடது பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பம்பர் இடுக்கில் புல்லும் செம்மண்ணும். இறங்கி வந்த தங்கச்சியை எனக்குத் தெரியும். அப்பா லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர், இவர் தாதி. முந்தின இரவு பத்து மணிக்கு மேல் வேலை முடிந்து மழையில் வீடு திரும்பியிருக்கிறார்.

“எதிர்ல செம்பனைக் குலை லோரி வந்துச்சுண்ணே. கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளையாப் போயிருச்சு. ரோடு எங்க, கால்வாய் எங்கன்னே தெரியல” என்றார். சொல்லும்போதே கை நடுங்கியது. கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றதால் பிழைத்தார்.

காரைப் பின்பக்கம் கொட்டகைக்குள் ஓட்டிப்போய், முன் கண்ணாடியில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி, ஓரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம், சரியாகக் கண் மட்டத்தில், வட்டம் வட்டமாகக் கை தேய்த்த தடம். வட்டத்துக்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவில் திட்டுத் திட்டாகப் பரவி வழிந்தது. வைப்பர் போன வழியெல்லாம் வில்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள். விரலால் தொட்டால் வழுவழுப்பே இல்லை, பிசுக்குதான். மழைத் தண்ணீர் ஒட்டாமலிருக்க முன் கண்ணாடியில் தடவுகிற கோட்டிங் மருந்துதான். யார் போட்டது என்று கேட்டேன். தம்பி போட்டானாம். தீபாவளிக்குக் காரைக் கழுவித் துடைத்தபோது, ஞாயிறு மத்தியானம், வீட்டு வாசலில், வீடியோவைப் பார்த்து. போட்டு முடித்துவிட்டு, “இனிமே மழைல வைப்பரே போட வேணாம்க்கா” என்று சொல்லியிருக்கிறான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த மழைக்காலத்தில் இதே கதையோடு என் கடைக்கு வந்த மூன்றாவது கார் இது. முதல் இரண்டிலும் யாருக்கும் அடிபடவில்லை. இதிலும் இல்லை. நான்காவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கோட்டிங் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நானே விற்கிறேன், நானே போட்டும் விடுகிறேன். மழையில் ஈப்போவுக்கு நெடுஞ்சாலை வழியே தினமும் போய்வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், ‘கோட்டிங் இருந்தால் வைப்பர் தேவையில்லை’ என்பது சுத்தப் பொய். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

கோட்டிங் தண்ணீரைக் கண்ணாடியில் படரவிடாமல் துளியாக்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தத் துளி தானாக ஓடிவிடாது, யாராவது தள்ள வேண்டும். வேகமாகப் போகும்போது காற்று தள்ளும். வீடியோவில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்: பகல் நேரம், நெடுஞ்சாலை, கொட்டுகிற மழை, 90 கிலோமீட்டர் வேகம். துளியும் பெரியது, காற்றும் பலமானது, அதனால் கண்ணாடியை விட்டுப் பறக்கிறது. சாதாரணமாக மணிக்கு 50, 60 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால், பெரும்பாலான மருந்துகளில் துளிகள் சரியாக நகராது. நின்ற இடத்திலேயே நிற்கும்.

இப்போது நம்ம ஊர்ச் சாலையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குள் 30-இல் போகிறோம். தாமான் குடியிருப்புக்குள் மேட்டுக்கு மேடு பிரேக். சமிக்ஞை விளக்கில் நிற்கிறோம். குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் முந்தவும் முடியாமல் 40-இல் ஊர்ந்துகொண்டே போகிறோம். அந்த லோரியின் டயர் அள்ளி வீசுவது மழைத் தண்ணீர் இல்லை. செம்மண்ணும் எண்ணெயும் கலந்த சேறு. அதை எந்தக் கோட்டிங்கும் தள்ளாது, வைப்பரும் தண்ணீர் பீச்சலும்தான் துடைக்கும். அப்புறம் தூறல். கொட்டுகிற மழையைவிடத் தூறல்தான் மோசம். ஊசிமுனை அளவு துளி, 80-இல் போனாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பகலில் இதெல்லாம் எரிச்சலோடு போய்விடும். இரவில்தான் ஆபத்து. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி. எதிரே வருகிற லோரியின் விளக்கு அத்தனை துளியிலும் சிதறி ஆயிரம் விளக்காகிறது. கோட்டிங் இல்லாத கண்ணாடியில், வைப்பர் ஓடினால், தண்ணீர் மெல்லிய தாளாகப் பரவும். அதன் வழியே சாலை கொஞ்சம் கலங்கலாகவாவது தெரியும். திட்டுத்திட்டாகப் போட்ட கோட்டிங்கில் வைப்பரையும் நிறுத்தி வைத்தால் எதுவுமே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி கண் கூசினால் 44 மீட்டர் குருடாக ஓட்டியிருக்கிறீர்கள். நம் சாலையில் அதற்குள் ஒரு வளைவு வந்துவிடும், அல்லது விளக்கில்லாமல் ஒரு மோட்டார் சைக்கிள்.

வைப்பரின் வேகத்தைக் குறைக்கலாம். நெடுஞ்சாலையில், பெருமழையில், இரண்டாம் வேகத்துக்குப் பதில் முதல் வேகம் போதும். கோட்டிங் தரும் பலன் அதுதான். நிறுத்தச் சொல்லி எந்தப் போத்தல் அட்டையிலும் நான் படித்ததில்லை.

சரி, வீட்டில் போடவே கூடாதா? போடலாம். கஷ்டமான வேலை இல்லை, பொறுமை கேட்கும் வேலை. ஆனால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பெயர் அட்டையே இல்லாமல் விற்கிற போத்தலை வாங்காதீர்கள். துணி மிருதுவாக்கும் திரவம், டயருக்கு அடிக்கும் பளபளப்பு, தேங்காய் எண்ணெய், பாடி மெழுகு, இவை எதையும் முன் கண்ணாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பெரியவர் பாதி உருளைக்கிழங்கைத் தேய்த்துவிட்டு வந்து நின்றார். பழைய காலத்தில் தோட்டத்து லோரிகளில் அப்படிச் செய்ததுண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது இத்தனை வெளிச்சமான விளக்கோடு எதிரே வண்டிகள் வரவில்லை, ஐயா.

வீட்டில் போட்டது கெட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் மருந்து இல்லை, அதற்கு முந்தின வேலை. கண்ணாடி பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், ஆனால் மேலே ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கும். டீசல் புகை, செம்பனை ஆலைப் புகைக்கூண்டிலிருந்து வரும் கரி, கார் கழுவுகிற இடத்தில் தெளிக்கும் மெழுகு, எல்லாம் சேர்ந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போகாது. அதன் மேலேயே கோட்டிங் போட்டால் கண்ணாடியில் எப்படிப் பிடிக்கும்? இரண்டு மழையில் அங்கங்கே உரிந்து, அந்தத் தங்கச்சியின் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷ் என்று கடையில் கேளுங்கள். ஈரப் பஞ்சில் கொஞ்சம் எடுத்து, சின்னச் சின்னப் பகுதியாகக் கையால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு ஒரு சோதனை: கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றினால் எங்கேயும் முத்து நிற்காமல் ஒரே தாளாகப் பரவ வேண்டும். முத்து நிற்கிற இடத்தில் படலம் இன்னும் இருக்கிறது, அங்கே மறுபடி தேயுங்கள். கோட்டிங் போடுவதற்கு முன்னால் தண்ணீர் பரவ வேண்டும், போட்ட பின்னால்தான் முத்தாக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, முத்து நிற்பதைப் பார்த்துக் கண்ணாடி சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சு, இரும்பு நார், மணல் காகிதம் கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது. ஆழமாகக் கோடு விழுந்த முன் கண்ணாடியைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் ஆழமாகப் பாலிஷ் போட்டால் அந்த இடம் குழிந்து, பார்வை நெளியும்.

தண்ணீர்க் கறை நீக்கும் சில மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிக்காமல்கூட இருக்கும்; உள்ளே எலும்பு வரை அரிக்கும். அட்டையை முழுக்கப் படியுங்கள். அட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதவில்லையென்றால் கீழே வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இனி நேரம். ஞாயிறு மத்தியானம் வெயிலில் நின்ற கார் முன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை சுடும். அந்தச் சூட்டில் மருந்திலிருக்கும் ஆல்கஹால் நீங்கள் பரப்பி முடிப்பதற்குள் பறந்துவிடும். மீதி கோடு கோடாகக் காய்ந்து நிற்கும். அந்தத் தம்பி செய்த தவறும் இதுதான். காலை ஏழு, எட்டு மணிக்கு, கூரைக்குக் கீழே, கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது போடுங்கள். பக்கத்தில் கொசுவர்த்தி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது, ஆவி தீப்பிடிக்கும். கண்ணாடியை நாலு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, விளிம்பு விளிம்பை மூடும்படி தடவுங்கள். வட்டம் போடாதீர்கள்! அட்டையில் சொன்ன நேரம் காயவிட்டு, லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். எவ்வளவு போட்டோம் என்பதைவிட எவ்வளவு துடைத்து எடுத்தோம் என்பதுதான் முக்கியம். மிச்சம் நின்றால் வைப்பர் டக்டக்கென்று துள்ளும், இரவில் பால்போலத் தெரியும். அதற்குப் பிறகு அட்டை சொல்கிற நேரம் வரை தண்ணீர் படக்கூடாது. அக்டோபர், நவம்பரில் நம்ம பக்கம் சாயங்கால மழை நேரம் தவறாமல் வரும். அதற்கும் சேர்த்துத்தான் காலையிலேயே போடச் சொல்கிறேன்.

உள்பக்கக் கண்ணாடியில் இதைப் போடாதீர்கள். மழையில் உள்ளே பனி படர்வதற்கு இது மருந்தில்லை. பனிக்கான மருந்து தண்ணீரைப் பரத்தும், இது துளியாக்கும். இரண்டும் நேர் எதிர். உள்ளே போட்டால் பனி பொடித்துளியாக நின்று இன்னும் மோசமாகும். பனிக்கு ஏர்கானைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாலே போதும். உள்பக்கத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். டேஷ்போர்டில் பளபளப்பு மருந்து அடிக்கிறவர்களின் காரில் அந்தத் துணி மஞ்சளாக வரும். கோட்டிங் சரியில்லை என்று வருகிற சில கார்களில் குற்றவாளி அந்த உள்பக்க எண்ணெய்தான்.

புதிய கார்களில் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும், சிலவற்றில் மழை உணரியும் இருக்கும். அந்த இடத்துக்கு முன்னால் மருந்து போடலாமா என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள். முன்னால் இருப்பதைப் பார்த்துத் தானாகப் பிரேக் பிடிக்கிற கார் அது. அதன் கண்ணை நாமே மறைத்துவிடக்கூடாது. கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்புத் தாளான டிண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்துத் துறையின் விதி. அதைவிடக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, அதன் மேல் கோட்டிங்கும் போட்டுவிட்டு, இரவு மழையில் ஒன்றும் தெரியவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

வைப்பர் ரப்பரைப் பாருங்கள், தயவுசெய்து. வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். நம் வெயிலில் ஆறு மாதத்திலேயே விளிம்பு விறைத்துவிடுகிற ரப்பரும் உண்டு. விறைத்த ரப்பரில் மண் ஒட்டியிருந்தால், நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட கோட்டிங்கை அதுதான் கோடு கோடாகச் சுரண்டும். முன்னூறு வெள்ளிக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் முப்பது வெள்ளி வைப்பருக்கு யோசிக்கிறார்கள்.

போட்டு முடித்ததும் முதல் மழை இரவில் நேராக நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். தாமானுக்குள்ளேயே, வைப்பரை ஓடவிட்டு, எதிரே விளக்கு வரும்போது எப்படித் தெரிகிறது என்று ஒரு சுற்று பாருங்கள். வெள்ளையடித்தால் அதே சீரியம் பாலிஷால் முழுவதையும் தேய்த்து எடுத்துவிடுங்கள். வெறும் கண்ணாடி பரவாயில்லை.

தங்கச்சியின் கண்ணாடியில் அந்தத் தம்பியை வரவழைத்தே தேய்க்க வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் ஒரே தாளாகப் பரவியதும் நிறுத்தச் சொன்னேன். மறுபடி கோட்டிங் போடலாமா அண்ணே என்று கேட்டான். முதலில் இரண்டு வைப்பரையும் மாற்று, அடுத்த வாரம் காலையில் வா, நான் பக்கத்தில் நிற்கிறேன், நீயே போடு என்றேன். உங்கள் கண்ணாடியிலும் சந்தேகம் இருந்தால், இருட்டிய பிறகு எட்டு மணிக்குள் கொண்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றி டார்ச் அடித்துக் காட்டுகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.