துப்பறிவாளர் அதிகாரி அல்லர்

ஒரு ஜப்பானியக் குற்றத் தொடரின் காட்சி. டோக்கியோ நகரின் ஷின்ஜுகு பகுதி. ஆறேழு பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் சின்னஞ்சிறு மதுக்கடை. காணாமல் போன பெண்ணைத் தேடி வந்தவன் தன் பெயரட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து, தலை தாழ்த்தி, கடைக்கார அம்மாளிடம் நீட்டுகிறான். அவள் படித்துப் பார்த்துவிட்டு அட்டையை மேசைமேல் வைக்கிறாள். "நீங்கள் போலீஸ் இல்லையே. நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?" என்கிறாள்.

அந்தக் காட்சியின் உயிரே அந்தக் கேள்விதான். ஆனால் அதற்கு அரை நிமிடம் முன்பு திரையின் அடியில் ஓடிய தமிழ் வரி அவனை இப்படி அறிமுகப்படுத்தியிருந்தது: "நான் தனியார் புலனாய்வு அதிகாரி." தமிழை மட்டும் நம்பிப் பார்ப்பவருக்கு அந்த அம்மாள் ஓர் அதிகாரியை எடுத்தெறிந்து பேசும் திமிர்க்காரி. அடுத்த காட்சியில் உண்மையான காவல்துறை ஆள் வருகிறார். அவரும் "துப்பறியும் அதிகாரி" ஆகிவிடுகிறார். இரண்டு அதிகாரிகள் ஏன் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறார்கள் என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காள் மகன் கேட்டான். நான் தொடரை நிறுத்திவிட்டு விளக்க வேண்டியதாயிற்று. பன்னாட்டுக் குற்றத் தொடர்களின் தமிழ் வரிகளிலும் மொழிபெயர்ப்பு நாவல்களிலும் இந்த "தனியார் அதிகாரி" வராத வாரம் இல்லை. பொறுத்தது போதும்.

முதலில் சொல்லின் வேர். துப்பு பழைய சொல். வலிமை, உணவு, பவளம் என்று அதற்குப் பல பொருள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்ற குறளில் அது உணவு. மறைந்திருப்பதைக் காட்டும் தடயம், உளவுச் செய்தி என்ற பொருளில்தான் இன்று நாம் துப்புக் கிடைத்தது, துப்புக் கொடுத்தார் என்கிறோம். துப்புத் துலக்குதல் என்ற வழக்கு அதைவிட அழகானது. துலக்குவது என்றால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது. புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கறுத்த செம்பின் அடியிலிருந்து சிவப்பு எழுமே, அந்தத் துலக்கல். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவல்கள் பெருகியபோது எழுதியவர்கள் யாரிடமும் போய்ச் சொல் கேட்கவில்லை. கையிலிருந்த துப்பை எடுத்து "துப்பறியும்" என்று பெயருக்கு முன்னால் வைத்தார்கள். அதன் ஆள்பெயர் துப்பறிவாளர். ஆண்பால் வேண்டுமென்றால் துப்பறிவாளன். சொல்லும் நம்முடையது, ஆக்கமும் இயல்பு.

இனி ஜப்பானியச் சொல்லுக்கு வருவோம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் துப்பறிவாளரைத் தன்தெய் என்பார்கள். தேடுதல், வேவு பார்த்தல் என்ற பொருளுடைய இரண்டு எழுத்துகளால் ஆன சொல். மெய்ஜி காலத்தில் (1868–1912) மாற்றுடையில் திரிந்த போலீஸ்காரரையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். பிறகு போலீஸ்காரருக்குக் கெய்ஜி என்ற தனிச்சொல் நிலைத்தது. குற்ற வழக்கு சார்ந்த விவகாரம் என்பது அதன் நேர்பொருள். அதைப் பார்க்கும் காவலருக்கே அது பெயராகிவிட்டது. தன்தெய் தனியாருக்கு ஒதுங்கியது. இன்று எந்த ஜப்பானியரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. கெய்ஜி சட்டைப்பையிலிருந்து போலீஸ் அடையாளக் கையேட்டை எடுத்து விரிப்பார். பெயர்தான் கையேடு. 2002-க்குப் பிறகு அது நிழற்படமும் உலோகச் சின்னமும் வைத்த மடிப்பு உறை. தன்தெய்யிடம் இருப்பது மெய்ஷி என்ற பெயரட்டை மட்டும். காப்பீட்டு முகவரும் மீன் வியாபாரியும் நீட்டும் அதே அட்டை. அவர்கள் பிரித்து வைத்ததை நம் மொழிபெயர்ப்பாளர் "அதிகாரி" என்ற பசையைத் தடவி மறுபடி ஒட்டுகிறார்.

சட்டமும் இதையே சொல்கிறது. துப்பறியும் தொழிலை ஒழுங்குபடுத்த ஜப்பானில் 2006-இல் சட்டம் இயற்றி, 2007 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தொழில் நடத்துபவர் காவல் நிலையம் வழியாக மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி ஒருவருடைய இருப்பிடத்தையோ நடமாட்டத்தையோ நேரில் விசாரித்தும், பின்தொடர்ந்தும், காத்திருந்து கண்காணித்தும் அறிந்து சொல்வதுதான் தொழில் என்று சட்டம் வரையறுக்கிறது. பிற சட்டங்கள் தடுத்திருக்கும் எதையும் செய்யும் உரிமையை இந்தச் சட்டம் தந்துவிடவில்லை என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. அறிவிப்புக் கொடுத்தவருக்கு அதிகாரம் என்று ஒரு துளியும் கிடையாது.

அறிந்த செய்தியைக் குற்றத்துக்கோ, சட்டத்துக்குப் புறம்பான பாகுபாட்டுக்கோ பயன்படுத்தமாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. அதன் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. கோஷின்ஜோ என்ற விசாரணை நிலையங்கள் கடன் வாங்குவோரின் நாணயத்தை மட்டும் விசாரிக்கவில்லை. கல்யாணத்துக்கும் வேலைக்கும் முன்பாகக் குடும்பப் பின்னணியையும் தோண்டின. புராக்கு எனப்படும் ஒடுக்கப்பட்ட மக்களின் ஊர்களைப் பட்டியலிட்ட நூல்கள் ரகசியமாக விற்கப்பட்டதும் நிறுவனங்கள் அவற்றை வாங்கியதும் 1975-இல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. 1985-இல் ஒசாகா மாகாணம் இத்தகைய விசாரணைகளைக் கட்டுப்படுத்தத் தனி ஆணையே இயற்றியது. பெண்ணின் பூர்வீகம் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்க வந்து நிற்பவன் முன் கதவைச் சாத்த எவருக்கும் உரிமை உண்டு. அவனை "அதிகாரி" என்று எழுதினால் அந்த உரிமையே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். "புலனாய்வு நல்ல தமிழ். துப்பு மலிவு விலை நாவல் வாடை வீசுகிறது" என்றார். புலனாய்வு நல்ல தமிழ் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இன்றைய வழக்கில் அது எங்கே நிற்கிறது? மத்தியப் புலனாய்வுத் துறையில் நிற்கிறது. வழக்குப் பதிந்து, சாட்சியம் திரட்டி, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் வேலையில் நிற்கிறது. 2024 வரை இருந்த இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் காவல் அலுவலரோ நீதித்துறை நடுவர் அதிகாரம் அளித்தவரோ செய்வதுதான் புலனாய்வு. புலனாய்வு இதழியல் என்கிறோமே என்று நண்பர் மடக்கினார். உண்மைதான், அதனால்தான் வெறும் "புலனாய்வாளர்" என்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அது இரண்டாம் தரமான தேர்வு, பிழை அன்று. பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்த அதிகாரிதான் பிழை. அவர் மூலத்திலும் இல்லை, பொருளிலும் இல்லை. நான்கு சொல் சேர்த்தால் கனமாக இருக்கும் என்ற பழக்கம் மட்டுமே அவரை உள்ளே விட்டது. இதே பழக்கம்தான் செவிலியரைச் செவிலியர் அலுவலர் ஆக்குகிறது.

மலிவு வாடை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். லட்சக்கணக்கானோர் படித்துப் பழகிய சொல் அதனால் தேய்வதில்லை, துலங்குகிறது. ஜப்பானில் இந்தச் சொல்லுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். 1946-இல் அரசு, அன்றாட எழுத்துக்கு இவை போதும் என்று 1,850 எழுத்துகள் கொண்ட பட்டியலை வெளியிட்டபோது தன்தெய்யின் இரண்டாம் எழுத்து அதில் இல்லை. துப்பறியும் கதையை அதுவரை எழுதியதுபோல் எழுத வழியில்லாமல், ஊகித்தறிதல் என்ற பொருளுடைய ஸுய்ரி என்ற சொல்லைப் போட்டு ஸுய்ரிக் கதை என்றார்கள். அந்தப் பெயர் பரவி நிலைத்தும்விட்டது. ஆனால் ஆளின் பெயர் அசையவில்லை. கதைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் உள்ளே நடமாடியவர் தன்தெய்தான். அந்த எழுத்தும் 1981-இல் வந்த புதிய பட்டியலில் திரும்பிவிட்டது.

தூய தமிழ் அன்பர் ஒருவர் "ஒற்றர்" போதுமே என்பார். மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்கிறது, சொல் அத்தனை கட்டாக இருக்கிறது. ஆனால் ஒற்றாடல் அதிகாரத்தின் முதல் குறளே "தெற்றென்க மன்னவன் கண்" என்று முடிகிறது. ஒற்றர் அரசனின் கண். ஆங்கிலத்தில் தனியார் துப்பறிவாளரைச் செல்லமாகத் தனிக்கண் என்பதை நினைத்தால் பொருத்தம் வியப்பூட்டும். ஆனால் அது மன்னவனின் கண் அன்று, கூலி கொடுத்தவரின் கண். ஒற்றர் உளவுத்துறைக்கே இருக்கட்டும்.

"தனியார்" என்ற அடையும் எப்போதும் தேவையில்லை. முதல் அறிமுகத்தில் ஒருமுறை தனியார் துப்பறிவாளர் என்று எழுதினால் போதும், பிறகு துப்பறிவாளர் தனியே நிற்கும். கெய்ஜியைக் குற்றப்பிரிவு போலீஸ்காரர் என்றோ, பதவி தெரிந்தால் ஆய்வாளர் என்றோ எழுதலாம். கடைக்காரர்கள் அவரை மரியாதையாகக் கெய்ஜி-சான் என்று கூப்பிடும் இடத்தில் "அதிகாரி அவர்களே" வேண்டாம். நம் ஊர்க் கடைக்காரர் போலீஸ்காரரை எப்படிக் கூப்பிடுவார்? "ஐயா" என்றுதானே.

அந்த மதுக்கடைக்கு நான் வரி எழுதியிருந்தால் இவ்வளவுதான் இருந்திருக்கும். அவன்: "நான் துப்பறிவாளன். இது என் அட்டை." அவள்: "போலீஸ் இல்லையே. நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?" அக்காள் மகன் என்னை ஒன்றும் கேட்டிருக்கமாட்டான்.