கேள்விக்குறி வேறு, கட்டம் வேறு

எக்செலில் பில் போட ஒரு மேக்ரோ ஃபார்ம் செய்கிறீர்கள். லேபிளில் 'மொத்தம் ₹' என்று வரவேண்டும். மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ-வின் எடிட்டரில் அதை ஒட்டியதும் '??????? ?' என்று நிற்கிறது. பலரும் உடனே ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பார்கள். பலன் இருக்காது.

காரணம், எடிட்டர் பழைய காலத்து ஆள். அதற்குத் தெரிந்தது விண்டோஸின் 'கோட் பேஜ்' ஒன்றுதான், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் ஒரு சிறு பட்டியல். நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் அது 1252: மொத்தமே 256 இடங்கள். யூரோவின் € அதில் 128-ஆம் இடத்தில் இருப்பதால் ஒட்டினால் நிற்கும். ₹, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுப் பட்டியலான யூனிகோடுக்குள் வந்ததே 2010-இல்தான்; 1252-இல் அதற்கு இடமில்லை. ரஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. தமிழுக்கு எடிட்டர் பயன்படுத்தக்கூடிய அப்படி ஒரு பக்கம் விண்டோஸில் இருந்ததே இல்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக எடிட்டர் ஒரு நிஜமான கேள்விக்குறியை எழுதிவிடுகிறது. 'மொத்தம்' நான்கு எழுத்துதான். ஆனால் ஒகரக் குறியும் இரண்டு புள்ளிகளும் யூனிகோடில் தனித்தனி எண்கள். அதனால் ஏழு கேள்விக்குறிகள். எழுத்து அழிந்தே போயிற்று. அப்புறம் எந்த ஃபான்ட் போட்டும் அதை மீட்க முடியாது.

கேள்விக்குறிக்குப் பதில் வெற்றுக் கட்டம் (□) தெரிந்தால் கதை வேறு. எழுத்து பத்திரமாக உள்ளே இருக்கிறது, அந்த ஃபான்ட்டில் அதற்கு உருவம் இல்லை, அவ்வளவுதான். அப்போது ஃபான்ட்டை மாற்றினால் போதும். தமிழுக்கு நிர்மலா யுஐ சரியாக வரும்.

நல்ல விஷயம் என்னவென்றால், ஓடும்போது விபிஏ எழுத்துகளை யூனிகோடாகவேதான் வைத்திருக்கிறது. லேபிளுக்குத் தடை எடிட்டரில் மட்டும்தான். அதனால் எழுத்தைத் தராமல் எண்ணைத் தர வேண்டும். சிஹெச்ஆர்டபிள்யூ (ChrW) என்ற ஃபங்ஷனுக்கு 8377 கொடுத்தால் ₹, 10003 கொடுத்தால் ✓, 3065 கொடுத்தால் நம் பழைய கணக்கு நோட்டுகளில் வரும் ௹. கடைசி டபிள்யூ முக்கியம். அது இல்லாத ஃபங்ஷன் 8377-ஐ ஏற்காமல் பிழை காட்டும். குறியின் எண் தெரியவில்லையா? அதை ஒரு செல்லில் ஒட்டி, பக்கத்துச் செல்லில் யூனிகோட் ஃபார்முலா போடுங்கள், சொல்லிவிடும்.

நீளமான தமிழ் வாக்கியத்தை எண் எண்ணாகக் கோக்க வேண்டாம். ஷீட்டுக்கு யூனிகோட் நன்றாகத் தெரியும். வாசகங்களை ஒரு மறைவான ஷீட்டில் தட்டிவைத்து, ஃபார்ம் திறக்கும்போது லேபிள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். நான் எப்போதும் செய்வது இதுதான். எழுத்துப்பிழையைத் திருத்தவும் எளிது.

ஃபார்மின் தலைப்புப் பட்டையும் மெசேஜ் பாக்ஸும் மட்டும் இதற்கும் மசியாது, இன்னும் கோட் பேஜ் வழியில்தான் போகும். தலைப்புத் தமிழில் வேண்டுமென்றால் ஃபார்முக்கு உள்ளே, மேல் பக்கமாக ஒரு லேபிள் வைத்துவிடுங்கள்.