இரண்டு நண்பர்கள், ஒரு நாற்காலி

1786 ஏப்ரலில், பின்னாளில் அமெரிக்க அதிபர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் இங்கிலாந்துத் தோட்டங்களைப் பார்க்கச் சேர்ந்து கிளம்பினார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில், ஷேக்ஸ்பியர் உட்கார்ந்ததாகச் சொல்லி ஒரு பழைய நாற்காலியைக் காட்டினார்கள். வருகிறவர்கள் வழக்கப்படி இவர்களும் அதில் ஒரு சிராயைச் சீவி எடுத்துக்கொண்டார்கள். பத்தே வருடத்தில் வேறொரு நாற்காலி, அதிபர் பதவி, இருவருக்கும் நடுவே வந்து சண்டை மூட்டியது.

ஆடம்ஸ் முன்கோபி, தற்பெருமை வேறு. ஜெபர்சன் நேரில் எதிர்க்க மாட்டார்; பின்னாலிருந்து பத்திரிகைக்காரருக்குப் பணம் கொடுத்து எழுத வைப்பார். சரி, இந்தக் குணங்கள் 1786இலும் இருந்தவைதானே? அப்போது ஏன் சண்டை இல்லை?

அன்றைய அமெரிக்க அரசியல் சட்டத்தில், மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. எது அதிபருக்கு, எது துணை அதிபருக்கு என்று பிரித்துப் போட முடியாது. முதலில் வந்தவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். கட்சிகள் முளைத்ததும் இந்த ஏற்பாடு கோணலாகிப் போனது. 1796இல் ஆடம்ஸுக்கு 71, ஜெபர்சனுக்கு 68. எதிர்த்து நின்றவரையே நான்கு வருடம் துணையாக வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம்! அடுத்த தேர்தலில் ஒரே கட்சியின் ஜெபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 விழ, பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்துத்தான் முடிச்சை அவிழ்த்தது. ஜெபர்சன் பதவியேற்ற 1801 மார்ச் 4 அன்று, ஆடம்ஸ் விடியுமுன்னே ஊரைவிட்டுப் போய்விட்டார். 1804இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆனால் நாம் குணத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம். 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பமல்ல, பிறர் சொன்னது என்று தெரிவித்த பிறகும், ஆதரித்து எழுதியவர் காஸ்ட்ரோ ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். ஆள் கண்ணில் படுகிறார். அவரை நெருக்கும் சூழல் படுவதில்லை. ஆடம்ஸும் ஜெபர்சனும் ஒருவரையொருவர் அப்படித்தான் படித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

1812இல், பதவி எதுவும் இல்லாத நிலையில், பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் இருவரையும் ஒருவருக்கொருவர் மறுபடி கடிதம் எழுத வைத்தார். ஏறக்குறைய சோதனைக்கூடம் மாதிரி: ஆட்கள் அதே, நாற்காலி மட்டும் இல்லை. (வயதும் ஏறியிருந்தது, அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.) 158 கடிதங்கள் போய் வந்தன. ஜெபர்சன் 49 எழுதினால் ஆடம்ஸ் 109. அந்த அவசரக்காரர் மாறவே இல்லை.