சுகர்காரர் தட்டை ஓட்டக்காரப் பிள்ளைக்கு வைக்காதீர்கள்

மாநிலப் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு பெண்ணை அவளுடைய அப்பா என்னிடம் அழைத்து வந்தார். பதினாறு வயது, 48 கிலோ, 3,000 மீட்டர் ஓடுகிறவள். காலை ஐந்தரைக்கு ஒரு பயிற்சி, மாலை நாலரைக்கு இன்னொன்று. "காலையில நல்லா ஓடுறேன் அக்கா. சாயங்காலம் மட்டும் கால் கல்லு மாதிரி ஆயிடுது" என்றாள். ஹீமோகுளோபின் பார்த்தோம், குறையில்லை. தூக்கமும் சரி, மாதவிடாயும் ஒழுங்கு. மைதானத்தில் அவளுக்குச் சோம்பேறி என்று பேர் விழுந்திருந்தது. அதைச் சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது.

மூன்று நாள் சாப்பாட்டை, மணியோடு சேர்த்து எழுதி வரச் சொன்னேன். கோடு போட்ட நோட்டில் அழகாக எழுதி வந்தாள். காலைப் பயிற்சி ஏழரைக்கு முடிகிறது. ஒன்பதே காலுக்கு ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், பாதி ஆப்பிள். மதியம் இரண்டு சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குழம்பு. நாலு மணிக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலை. மூன்று நாளிலும் சோறு, இட்லி, வாழைப்பழம் என்ற வார்த்தையே இல்லை.

அப்பாவைக் கேட்டேன். முந்தைய வருடம் அவருக்குச் சுகர் என்று தெரிந்திருக்கிறது. எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று கொடுத்த பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்கள். வீடு மொத்தமும் அதற்கு மாறிவிட்டது. "ஜி.ஐ. கம்மியா இருக்கறது எல்லாருக்கும் நல்லதுதானே மேடம்?" என்று கேட்டார். அன்பால் செய்ததுதான். ஆனால் இந்தத் தவறை மாதம் இரண்டு மூன்று வீடுகளிலாவது பார்க்கிறேன்.

ஜி.ஐ. என்கிற கிளைசெமிக் இண்டெக்ஸை டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளிக்கு எந்த உணவு தோது என்று பார்க்கத்தான் அந்தக் கணக்கே பிறந்தது. 50 கிராம் மாவுச்சத்து உள்ள அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளப்பார்கள். சுத்தமான குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுவார்கள். 55-ம் அதற்குக் கீழும் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். கொண்டைக்கடலை 30-ஐ ஒட்டி வரும், வாழைப்பழம் 50-ஐ ஒட்டி, வெள்ளைச் சோறும் வெள்ளை ரொட்டியும் 70-ஐத் தாண்டும். உட்கார்ந்திருக்கிற ஆளின் ரத்தத்தில் எடுத்த அளவு இது என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

ஓடுகிற உடம்பில் கணக்கு வேறு. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைகோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. தசையில் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு. வேகமாக ஓடும்போது செலவாவது பெரும்பாலும் இந்தக் கையிருப்புதான். கடுமையான ஒரு காலைப் பயிற்சி அதில் பெரும் பங்கைக் கரைத்துவிடும். மாலைக்குள் அதைத் திருப்பி நிரப்ப வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு தசைச் செல்லின் கதவுகள் திறந்தே இருக்கும். சுருங்கி விரிந்த தசை, இன்சுலின் வந்து தட்டாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடவே இன்சுலினும் எழும்பினால் நிரப்பும் வேலை இன்னும் வேகமாக நடக்கும். சோபாவில் இருப்பவருக்குக் கெடுதல் என்று நாம் சொல்லும் அதே இன்சுலின் ஏற்றம், அந்த நேரத்தில் ஓட்டக்காரருக்கு வேலையாள்.

1993-ல் ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் இதைச் சோதித்தார்கள். சைக்கிள் வீரர்களைக் களைக்க ஓட்டவிட்டு, அடுத்த 24 மணி நேரம் ஒரே அளவு மாவுச்சத்தை, ஒரு முறை அதிக ஜி.ஐ. உணவாகவும் இன்னொரு முறை குறைந்த ஜி.ஐ. உணவாகவும் கொடுத்தார்கள். அதிக ஜி.ஐ. உணவில் தசையில் சேர்ந்த கிளைகோஜன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐந்தே பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் மைதானத்தில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. அதற்கு முன்பே 1988-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஐவி இன்னொன்றைக் காட்டியிருந்தார்: பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் நிரம்பும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும்.

இப்போது அந்த நோட்டைத் திரும்பப் பாருங்கள். ஏழரைக்கு முடித்தவள் ஒன்பதே காலுக்குப் பயறு சாப்பிடுகிறாள். தாமதம் ஒன்று, மெதுவாகச் செரிக்கும் உணவு இரண்டு. மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன்: மொத்த அளவே போதவில்லை. பயறும் வெள்ளரியும் வயிற்றை அடைத்துவிடும், பசி தெரியாது, ஆனால் மாவுச்சத்து 25 கிராமைத் தாண்டியிருக்காது. அன்றைக்கே அடுத்த பயிற்சி இருப்பவர்களுக்கு முதல் நான்கு மணி நேரமும் மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது மாவுச்சத்து வேண்டும். அவளுக்கு முதல் மணி நேரத்துக்கே 48 கிராம். நாலு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டால் அது வந்துவிடும்.

அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். டிபன் பாக்ஸ் மைதானத்துக்கே போகட்டும், ஷூ கழற்றும் முன் முதல் இட்லி உள்ளே போக வேண்டும் என்றேன். சாம்பார் தாராளமாக, அப்புறம் ஒரு முட்டை. பத்தரைக்குப் பள்ளி இடைவேளையில் அவல் வெல்லம் கலந்தது அல்லது கடலைமிட்டாயும் பழமும். மதியம் சோறு. பயறும் கொண்டைக்கடலையும் இரவுக்கு நகர்ந்தன. எதையும் விலக்கவில்லை, இடம் மட்டும் மாற்றினோம்.

இதைப் படித்துவிட்டு எப்போதும் அதிக ஜி.ஐ. உணவுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். போட்டிக்கு முன் என்பது முற்றிலும் வேறு நேரம்.

மாவட்ட அளவிலான ஒரு போட்டியில் நான் நேரில் பார்த்தது. ஒரு கல்லூரிப் பையன் 5,000 மீட்டருக்கு முக்கால் மணி நேரம் முன்னால் அரை பாக்கெட் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தான். காலையில் வேறு எதுவும் சாப்பிடவில்லை. வார்ம்-அப்பில் மூன்றாவது சுற்றிலேயே கை நடுங்கி, முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியபடி புல்லில் உட்கார்ந்துவிட்டான். என் பையில் இருந்த குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தேன், ரத்தச் சர்க்கரை 61-க்கு இறங்கியிருந்தது. குடித்த குளுக்கோஸ் இன்சுலினை உச்சிக்கு ஏற்றிவிட்டது. அதே சமயம் ஓடத் தொடங்கிய தசையும் சர்க்கரையை இழுத்தது. இரண்டும் சேர்ந்து ரத்தத்தைக் காலி செய்துவிட்டன. போதாததற்கு, இன்சுலின் ஏறியிருக்கும்போது உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்குவதும் குறைந்துவிடும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பலர் குடித்துவிட்டு நன்றாகவே ஓடுகிறார்கள். ஆனால் தனக்கு ஆகுமா என்பதைப் பயிற்சி நாளில் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டி நாள் அதற்கானது அல்ல.

நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு, இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிடும் உணவு குறைந்த அல்லது நடுத்தர ஜி.ஐ.யாக இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் நிதானமாகச் சேரும், கொழுப்பும் கூடுதலாக எரியும். 1991-ல் சிட்னியில் நடந்த ஆய்வில், ஒரு மணி நேரம் முன் உருளைக்கிழங்கு சாப்பிட்டபோது தாக்குப்பிடித்ததைவிட, பருப்பு சாப்பிட்டபோது சைக்கிள் வீரர்கள் 20 நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படிச் சொல்லவில்லை. ஓடும்போது இடையிடையே சர்க்கரைப் பானம் குடித்தால் முன்னால் சாப்பிட்டது எந்த ஜி.ஐ. என்ற வித்தியாசமே மறைந்துவிடுகிறது என்று 1998-ல் பர்க் குழுவினரே காட்டினார்கள். அதனால் மாரத்தான் ஓடுகிறவர்கள் இதில் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. இன்னொரு விஷயம், சுண்டல் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு ஊதும். காகிதத்தில் நல்லதாக இருப்பது பாதி வழியில் கழிப்பறை தேட வைத்தால் என்ன பயன்?

பட்டியலில் இருக்கும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதே அரிசி, புழுங்கலாக இருந்தால் ஒன்று, பச்சரிசியைக் குழைய வடித்தால் இன்னொன்று. ஆறவைத்து மறுநாள் சாப்பிடும் பழைய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, செரிக்க மெதுவாகும். ராகி என்றாலே மெதுவாக ஏறும் என்று நம்புகிறார்கள், நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது சோற்றுக்குச் சளைக்காமல் ஏறும். பயிற்சி முடிந்தவர்களுக்கு நான் ராகிக் கஞ்சியை அதற்காகவே கொடுப்பதுண்டு. தர்பூசணிக்கு ஜி.ஐ. 70-க்கு மேல், ஆனால் ஒரு துண்டில் இருக்கும் மாவுச்சத்து மிகக் குறைவு, பெரும்பாலும் தண்ணீர். உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கைவிட ஜி.ஐ. குறைவு, எண்ணெய் செரிமானத்தை இழுத்துப் பிடிப்பதால். அதைப் பார்த்து யாரும் பிள்ளைக்குச் சிப்ஸ் கொடுக்க மாட்டோம் அல்லவா?

முக்கியமாக ஒன்று. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள, இன்சுலின் போட்டுக்கொண்டு விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மேலே நான் சொன்ன எதையும் அவர்களுக்கு அப்படியே செய்யக் கூடாது. இன்சுலின் அளவும் உணவும் பயிற்சியும் ஒன்றாக முடிவாக வேண்டும், அதை அவர்களுடைய மருத்துவரோடு உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

அந்தப் பெண் நான்காவது வாரம் வந்தாள். மாலைப் பயிற்சியில் கடைசி இரண்டு சுற்று இப்போது இழுக்கிறதா என்று கேட்டேன், "இல்லக்கா, மாஸ்டரே போதும் நிறுத்துன்னு சொல்றாங்க" என்றாள். அவள் வீட்டில் இப்போது காலையில் அடுப்பில் இரண்டு பாத்திரம். ஒன்றில் அப்பாவுக்குப் பயறு வேகிறது, மற்றதில் மகளுக்கு இட்லி. ஐந்து மணிக்கு எழுந்து அந்த இட்லியை டப்பாவில் அடுக்குவது அப்பாதான்.