ரகசியத்தை நகலெடுத்த மின்னூட்டம்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போட்டோஸ்டேட் கடையில் ஐசி (அடையாள அட்டை) நகல் எடுக்கக் காத்திருந்தேன். "ரெண்டு பக்கமும் ஒரே தாள்லயா, அக்கா?" என்று கேட்டபடியே தம்பி அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்தார். வெளிச்சம் ஓடியது, வெதுவெதுப்பாய்த் தாள் வந்தது. அந்தச் சூடு கையில் படும்போதெல்லாம் எனக்கு டேனியல் எல்ஸ்பர்க் நினைவுதான்.

அவர் அமெரிக்காவில் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். வியட்நாம் போரில் அமெரிக்கா இறங்கிய கதையை ஆராய்ந்து எழுதும்படி பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா 1967-இல் உத்தரவிட்டிருந்தார். சுமார் 7000 பக்கங்கள். உள்ளே ஒன்று தெரிந்திருக்க, அடுத்தடுத்த அரசுகள் மக்களிடம் வேறொன்று சொல்லி வந்ததை அந்தப் பக்கங்களே காட்டின. 1969 அக்டோபரில் எல்ஸ்பர்க் அவற்றை இரவுகளில் நகலெடுக்கத் தொடங்கினார்.

சரி, நகல் எப்படி விழுகிறது? தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்குமே, அதே மின்னூட்டம்தான். (நம் ஊர் ஈரக்காற்றில் ஏசி அறையில் செய்தால்தான் நன்றாக இழுக்கும்.) அக்கால இயந்திரத்துக்குள் செலினியம் பூசிய உருளை ஒன்று இருந்தது. செலினியம் இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது; வெளிச்சம் பட்டால் கடத்தும். இருட்டில் உருளை முழுவதும் நேர்மின்னூட்டம் ஏற்றுவார்கள். பிறகு பக்கத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சினால், வெள்ளைப் பகுதியிலிருந்து திரும்பும் ஒளி உருளையில் பட்டு, அந்த இடத்து மின்னூட்டம் வடிந்துவிடும். கறுப்பு எழுத்து ஒளியைத் திருப்பாது. அதன் மின்னூட்டம் அப்படியே நிற்கும். கண்ணுக்குத் தெரியாமல், மின்னூட்டத்தாலேயே எழுதிய ஒரு பக்கம்! எதிர்மின்னூட்டம் கொண்ட டோனர் தூள் அந்த எழுத்துகளில் மட்டும் ஒட்டும். தாளின் பின்னாலிருந்து இன்னும் வலுவான மின்னூட்டம் அதைத் தாளுக்கு இழுக்கும். டோனரில் இருப்பது பிளாஸ்டிக்கும் கரியும். சூட்டில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்ளும். தாள் வெதுவெதுப்பாய் வருவது அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்குப் பிரதி எடுப்பதே அங்கே பெரும்பாடு. 1938 அக்டோபர் 22-இல் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து முதல் நகலை எடுத்தார். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்ற இயந்திரமான ஜெராக்ஸ் 914 வர 1959 ஆகிவிட்டது. அது நிமிடத்துக்கு 7 நகல் எடுக்கும். அந்த வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் 7000 பக்கங்களுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்ஸ்பர்க் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்து எடுத்தார். அதுவும் பல பிரதிகள்.

இன்னொரு சிக்கல். 'அதி ரகசியம்' என்ற முத்திரையும் மைதானே? எழுத்தோடு சேர்ந்து அதுவும் நகலில் விழும். 13 வயது மகன் இயந்திரத்தில் உதவ, 10 வயது மகள் கத்தரிக்கோலால் அந்த முத்திரைகளை வெட்டி எடுத்தாள். பிள்ளைகளையும் கூட்டி வரும் அளவுக்கு அந்த மனிதரை அந்தப் போர் உறுத்தியிருக்கிறது.

1971 ஜூன் 13-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. அரசு நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஆனால் இன்னொரு பிரதி வாஷிங்டன் போஸ்ட் கைக்குப் போனது. அப்புறம் வேறு பத்திரிகைகளுக்கும். ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று பத்திரிகைகள் பக்கம் நின்றபோது, நாடெங்கும் பல செய்தி அறைகளில் அந்த நகல்கள் இருந்தன.